பூஜ்யம் என்று அடித்த கை

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, ஆலை மேலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரி சாஜிதா பேகம் அவர்களே, சாயப்பொடி ஆலைத் தோழர்களே! வணக்கம்.

சகோதரி, உங்கள் கணவர், எங்கள் ஷேக் பரீத் பாய் போய்விட்டார். பின்னால் தொங்கும் பேனரில் ‘சாயச் செம்மல்’ என்று போட்டிருக்கிறார்கள். நல்ல பட்டம்! இருபத்திரண்டு வருஷம் வெறுங்கையால் பொடி அள்ளிய மனிதருக்கு ஒரு ஜோடி கையுறை தராத ஆலை, செத்த பிறகு செம்மல் பட்டம் தருகிறது.

பாய் எப்படிப்பட்டவர்? நிறம் மயிரிழை மாறினாலும் கண்டுபிடிப்பார். ஈரோட்டு வியாபாரிகள் அவர் பார்த்து அனுப்பிய பொடிதானா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். கூடப் பொடி சலிக்கும் மாசாணியம்மாளுக்கு இருமல் வந்தால், “நீங்க காத்தாட நில்லுங்க அம்மணி” என்று அனுப்பிவிட்டு, அவர் பங்கையும் இவரே சலிப்பார்.

தொண்ணூற்று நான்கில் ஜெர்மனியிலிருந்து ஒரு படிவம் வந்தது. நம் புதுச் சிவப்பை ஐரோப்பாவில் விற்க வேண்டுமானால் அங்கே பதிவு செய்ய வேண்டும்; அதற்காக வாங்குகிற கம்பெனி விவரம் கேட்டது. எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும், தண்ணீரில் கலந்தால் மீன் சாகுமா, உடுத்துகிறவர் தோல் அரிக்குமா? அத்தனையும் பாய்தான் சோதித்து எழுதினார். பன்னிரண்டாம் கேள்வி, கையால் தொட்டு வேலை செய்வோர் எத்தனை பேர்? அதற்கடுத்தது, அவர்களுக்கு ஆண்டுதோறும் சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறதா?

பாய் ‘பதினேழு’ என்றும், ‘இல்லை’ என்றும் உள்ளதை எழுதினார். மேலாளர் அவர்களே, நீங்கள் அதன்மேல் கோடு போட்டு, எல்லாம் மெஷின்தான் என்றீர்கள். பூஜ்யம் என்று டைப் அடித்தது யார்? நான்! ஆபீஸ் டைப்பிஸ்ட் பாலகோபால்! ஆளே இல்லை என்றான பிறகு பரிசோதனை யாருக்கு? பதிவு கிடைத்தது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். நானும் தின்றேன்.

போன வருஷம் பாய்க்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. வேறு தொழில்காரர் பதறியிருப்பார். நாம்? நம் வேர்வையே சிவப்பு, துப்பினால் எச்சிலும் சிவப்பு. “சாயந்தானுங்க எறங்குது, நாலு எளநி குடிச்சாச் சரியாப் போயிருமுங்க” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏழு மாதம் ரத்தத்தைச் சாயம் என்றே நினைத்திருந்தோம், தோழர்களே! டாக்டரிடம் போனபோது சிறுநீர்ப்பையில் புற்று முற்றிவிட்டிருந்தது. வருஷம் ஒரு தடவை சின்னக் குப்பியில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்காதா?

ஆஸ்பத்திரியில் பாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “பாலு, அந்தப் பன்னெண்டாவது கேள்விய மட்டும் திருத்திப்போடுங்க” என்றார்.

திருத்திவிட்டேன். இன்று காலை பீளமேடு தபாலாபீசில் ஜெர்மனிக்குப் பதிவுத் தபாலும் போட்டாயிற்று. மேலாளர் அவர்களே, என் வேலை போகும்; போகட்டும். தோழர்களே, உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக அடித்திருக்கிறேன். யார் வந்து விசாரித்தாலும், ஆமாங்க, நாங்கதான் என்று கையை நீட்டிக் காட்டுங்கள். பரிசோதனை நடக்காமல் இனிமேல் யாரும் பொடியைத் தொடக் கூடாது. பாய்க்கு மாலை போடுவதைவிட அதுதான் மரியாதை.

பன்னிரண்டாம் கேள்விக்குப் பதினாறு என்று அடித்திருக்கிறேன். அன்றைக்கே உள்ளதை அடித்திருந்தால், இன்றும் பதினேழு என்றே அடித்திருப்பேன்.