திறந்து பார்க்காத சி.டி.

"அம்மாவ நான்தான்க்கா அழிச்சேன்."

குஷாய்குடாவிலிருந்து செகந்திராபாத் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். அம்மாவின் முதல் திவசத்துக்கு ஃபிரேம் போடப் படம் தேடியிருக்கிறார்கள்.

"வைரஸ் வந்துடுச்சுன்னு கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணேன். போட்டோ எல்லாம்தான் சி.டி.ல இருக்கேன்னு தைரியம்."

"அந்த சி.டி. எங்கடா?"

"இருக்கு. ஓப்பனே ஆகல. சி.டி.ல காப்பி பண்ணின அன்னிக்கே ஒரு தடவ போட்டுப் பார்த்திருக்கணும்."

"உன் வேலையே அதுதானேடா?"

"ஆமா. ஆபீஸ்ல தினம் பேக்கப் எடுத்து, சரியா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் கிளம்பறேன். அம்மாவுக்குச் செய்யல."

"பழைய ஆல்பம் இருக்கே?"

"அதுல இருக்கறது யாரோ கல்யாணப் பொண்ணு, அக்கா. நமக்குத் தெரிஞ்ச அம்மா இல்ல."

அக்கா பையிலிருந்து செல்போனை எடுத்தார்.

"எங்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. போட்டோ எடுக்கப் போனா, அம்மா 'நக்கோடி, வேண்டாம்டி'ன்னு கையால முகத்த மறைச்சுட்டா."

தம்பி போனை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"வளையல் தெரியுது. கட்டைவிரல்ல அந்த சூடுபட்ட தழும்புகூட தெரியுது. இதையே போடலாம்க்கா."

"வெறும் கைய யாராவது ஃபிரேம் போடுவாங்களாடா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

தம்பி போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மாரெட்பள்ளியில், போட்டோ ஸ்டூடியோ எதிரே பஸ் நின்றது. அக்காதான் முதலில் எழுந்தார்.

"வாடா, இறங்கு. பெரிசா போட்டுத் தருவானான்னு கேட்போம்."