எங்கள் வீட்டில் தினமும் பெருநாள்

என் கையில் வெங்காயம் கருகாது டாக்டர். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் அக்கா உடம்பில் ஏறாத மாத்திரை உங்கள் ஆஸ்பத்திரியில் எப்படி ஏறுகிறது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வெங்காயத்தில் தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

ஷர்மூலாத் தொக்குக்கு வெங்காயத்தைச் சின்னத் தீயில், ஆலிவ் எண்ணெயில், தேன் நிறம் வரும்வரை வதக்க வேண்டும். அப்புறம் ஊறவைத்து அரைத்த உலர்திராட்சை. நோன்புப் பெருநாள் காலையில் உப்புமீனுக்கு அதைத் தொட்டுக்கொள்ளாத வீடு நம் ஸ்ஃபாக்ஸ் ஊரில் உண்டா?

அக்கா ஸுலைகா பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். உங்கள் அம்மாகூட அவளிடம் குட்டு வாங்கியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் வேலைக்குப் போனாள். நான் சமைத்தேன். பெருநாளுக்குப் பெருநாள் விருந்தாளிகள் முன்னால் ஒரு துண்டு ரொட்டியைத் தொட்டு வாயில் வைப்பாள். தட்டைத் தள்ளுவாள்.

“அம்மா செஞ்சது ஷர்மூலா. இது வெங்காய ஜாம்.”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்காவுக்கு நகைச்சுவை உண்டு.

பிறகு அவள் மறக்க ஆரம்பித்தாள். சாவி ஃபிரிட்ஜுக்குள் கிடந்தது. ஒன்பதாம் வாய்ப்பாடு பாதியில் நின்றது. ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலையில், “இன்னிக்குப் பெருநாளாடி?” என்றாள். ஜாடியில் ஷர்மூலா மிச்சம் இருந்தது. எடுத்து வைத்தேன். விரலை நக்கினாள்.

“யார் செஞ்சது?”

“நான்தான்க்கா.”

“போம்மா. எனக்கு ஒரு தங்கச்சி இருக்கா, முஞ்ஜியான்னு. அவளுக்கு முட்டைகூட அவிக்க வராது. நீ யாரு? இங்கேயே இருந்துடேன்.”

இருந்துவிட்டேன். மறுநாளும் பெருநாள். அதற்கு மறுநாளும். எங்கள் வீடு அவ்வளவு கலகலப்பாக ஒருபோதும் இருந்ததில்லை.

அப்புறம்தான் உங்களிடம் அழைத்து வந்தேன். கடமை என்று ஒன்று இருக்கிறதே. ரத்தத்தைப் பார்த்துவிட்டு நீங்கள் எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னீர்கள்!

“இது முதுமை மறதி இல்ல, முஞ்ஜியாம்மா. தைராய்டு சுரப்பி தூங்குது, அவ்வளவுதான். காலையில வெறும் வயித்துல, வெறும் தண்ணியில இந்த மாத்திரை. ஒரு மணி நேரத்துக்குப் பால், காபி கூடாது. கால்சியம் மாத்திரையை ராத்திரிக்கு மாத்திடுங்க. ரெண்டும் சேர்ந்தா இது உடம்புல ஏறாது. கொஞ்ச மாசத்துல பழைய ஆளா எழுந்து உட்காருவாங்க.”

நீங்கள் சொன்னபடியே கொடுத்தேன். பழைய ஆளாகவே எழுந்து உட்கார்ந்தாள். ரொட்டியைத் தொட்டாள். தட்டைத் தள்ளினாள்.

“ஜாம்,” என்றாள்.

மறுநாள் காலை பால் காபி போட்டேன். மாத்திரையை அதோடு கொடுத்தேன். கால்சியத்தையும் கூடவே. எலும்புக்கு நல்லதுதானே?

கொஞ்சம் கொஞ்சமாகப் பெருநாள் திரும்பி வந்தது.

நீங்கள் மருந்தின் அளவைக் கூட்டினீர்கள். மறுபடியும் கூட்டினீர்கள். உங்கள் நெற்றி சுருங்கியதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நானும் கால்சியத்தைக் கூட்டினேன். மாத்திரையை ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

நடுவில் ஒரே ஒரு மத்தியானம். கோடைக்காலம். கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தவள் சட்டென்று தெளிவாகப் பார்த்தாள். என் பெயரைச் சொன்னாள்.

“முஞ்ஜியா, தலைக்குள்ள என்னமோ அணைஞ்சுகிட்டே வருதுடி. பயமா இருக்கு. டாக்டர்கிட்ட கேளேன், ஏதாவது வழி இருக்கான்னு.”

“வயசாயிடுச்சுக்கா,” என்றேன். “வழி ஒண்ணும் கிடையாது.”

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

குளிர்காலம் வந்ததும் அவள் அதிகம் தூங்கினாள். குரல் கரகரத்தது, முகம் வீங்கியது. போன வாரம் எழுப்பினேன், எழவில்லை. தொட்டால் தரைக்கல் மாதிரி சில்லென்று இருந்தாள். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யார்? நான்தான்.

தெரிந்தேதான் செய்தேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கெடுதலாக என்ன கொடுத்தேன்? பால், காபி, கால்சியம். மூன்றும் இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் இருக்கின்றன.

நேற்று கண் விழித்தாளாம். ஆஸ்பத்திரி சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு, “இதை எங்க முஞ்ஜியாதான் செஞ்சிருப்பா,” என்றாளாம். நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்து சொன்னாள். நானும் சிரித்தேன்.

எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள் டாக்டர்? மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். என்னைவிடப் பொறுப்பாக யார் கொடுப்பார்கள்? திராட்சையை ஊறப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.