கூசுதுங்களா அக்கா?

— வாயத் தொறங்க நாகஜோதியக்கா. உடைஞ்ச பல்லு மேல ஐஸாட்டம் குளுந்த பஞ்சை வெக்கறேன். கூசுதுங்களா?

— இல்ல டாக்டரம்மா. ஒரு கொறையும் இல்ல.

— கொஞ்சங்கூட?

— கொஞ்சங்கூட இல்ல. எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கெளம்பட்டுமா? மதியம் கம்பெனியில ஆடிட்டு, சோதனை போட வெளியாளுக வாராக. பக்கத்து மிசினு மயிலாளக்காதான் என் பீஸையும் சேத்துத் தச்சுக்கிட்டிருக்கு, பாவம்.

— இருங்க, இருங்க. கூசலைன்னா அது நல்லதில்லீங்க. மூணு மாசம் முன்னாடி நூலைக் கடிச்சுக் கடிச்சே பல்லை உடைச்சுட்டு, உள்சதை தெரிய ரத்தத்தோட வந்தீங்களே?

— கத்திரி எடுக்கிற நேரத்துல ரெண்டு பீஸு தச்சுரலாம்ல. அதான் கடிச்சது.

— அன்னிக்கு அந்தச் சதை மேல ஒரு சிமெண்ட் வெச்சனுங்க. அதுலருந்து கால்சியம் அயனி கொஞ்சங்கொஞ்சமாக் கசியும். சதைக்குள்ள ஸ்டெம் செல்லுன்னு இருக்குது. கால்சியம் பட்டா அதுக முழிச்சு, ஓட்டையை அடைக்கச் செவுரு கட்டும். எக்ஸ்ரேல பாருங்க, மெல்லிசா வெள்ளைக் கோடு.

— கட்டிருச்சுல்ல? பெறகென்ன?

— உள்ள சதை செத்துப்போயிருந்தா செவுரு இருந்து என்னங்க பண்ணும்? உசுரு இருந்தா குளுருக்குக் கூசோணும். உங்களுக்குத்தான் கூசவே இல்லையே. சீழ் புடிக்கறதுக்குள்ள துளை போட்டு, உள்ள இருக்கறதை வழிச்சு எடுத்தரோணும். இப்பவே.

— ஊசி போடுவீகளா?

— செத்த சதைக்கு எதுக்குங்க ஊசி? எனக்கே மனசு ஆறலை. புழைச்சுக்கும்னு நெனைச்சிருந்தேன்... ஏனுங்க்கா, சேரை இப்புடி இறுக்கிப் புடிக்கறீங்க? துளை போடற மிசினை இன்னும் வாய்கிட்டயே கொண்டாரலை.

— ஒண்ணுமில்ல. நீங்க போடுங்க.

— ஒரு நிமிஷம். பக்கத்துல இருக்கற நல்ல பல்லுல பஞ்சை வெக்கறேன். இது கூசுதுங்களா?

— இல்ல டாக்டரம்மா. ஒரு கொறையும் இல்ல.

— நல்ல பல்லுலயுமா? கண்ணுல தண்ணி ஒழுகுது, வாயி இல்லைங்குது. நெசத்தைச் சொல்லுங்க.

— ஆத்தாடி... ரெண்டுந்தான் கூசுச்சு. உடைஞ்சது சுள்ளுன்னு உச்சி வரைக்கும் இழுத்துச்சு.

— பஞ்சை எடுத்ததும் நின்னுதுங்களா?

— ஒடனே நின்னுருச்சு.

— அப்ப உள்ள உசுரு இருக்குதுங்க! செவுரு கட்டினதும் வீணாப் போகலை. ஏனுங்க்கா பொய் சொன்னீங்க?

— பழக்கம் டாக்டரம்மா. ஆடிட்டுக்கு வாரவுக எதைக் கேட்டாலும் 'ஒரு கொறையும் இல்ல'ன்னு சொல்லணும்னு சூப்பர்வைசரு வரிசையா நிக்க வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. நீங்களும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கிட்டுக் கேள்வி கேக்கவும் வாயில அதே வந்துருச்சு.

— இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா, உசுரோட இருக்கற பல்லை நானே சாவடிச்சிருப்பனுங்க. வலிக்குதுன்னு சொன்னாத்தானே அக்கா காப்பாத்த முடியும்?

— டாக்டரம்மா... உங்க போனைக் குடுங்க.

— என்னாச்சுங்க? ஏன் எந்திரிக்கறீங்க?

— மயிலாளக்கா காலையிலருந்து நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆடிட்டு முடியட்டும், அதுவரைக்கும் யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லுக்கான்னு நான்தான் உக்கார வச்சுட்டு வந்திருக்கேன்.