நாற்பதாயிரம் கன்றும் ஒரு கையொப்பமும்

– ...அதான் சொல்றேனே, இங்கே எல்லாம் சரியா இருக்கு. திரையைப் பாரு, பச்சை டிக்கு.

– இங்கே பச்சை, அத்தான். அந்த நாட்டுத் துறைமுகத்துல சிவப்பு. என் கன்டெய்னர் பன்னெண்டு நாளா அங்கேயே நிக்குது.

– அது அவங்க கம்ப்யூட்டர் பண்ற கோளாறு.

– உள்ளே நாப்பதாயிரம் பூச்செடிக் கன்னு. கண்ணாடி பாட்டில்ல ஒன்றரை வருஷம் வளத்தது.

– எனக்குத் தெரியாதா? செடிக்கு நோயில்லைன்னு மின்சான்றிதழ்ல கையொப்பம் போட்டதே நான்தானே.

– அந்தக் கையொப்பம்தான் செல்லாதுங்கறாங்க.

– எப்படிம்மா செல்லாம போகும்? ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கு! சுவத்துல போட்டோவைப் பாரு. நம்ம மந்திரி, அவங்க மந்திரி, எங்க இயக்குநர்...

– ஓரத்துல பல்லைக் காட்டிட்டு நிக்கறது?

– நக்கலா? நான்தான். உங்கக்கா வாங்கிக் குடுத்த கோட்டு.

– அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டு நேர்ல போய்ச் சொல்லுங்களேன், இது என் கையொப்பம்தான்னு.

– அப்படியெல்லாம் போக முடியாது. அதுக்குக் கூட்டுக் குழு இருக்கு. மூணு மாசத்துல கூடும்.

– போன தடவை கூடினாங்களே, என்ன பேசினாங்க?

– ஒப்பந்தச் சின்னத்துல எந்த நாட்டுக் கொடி இடப்பக்கம் வரணும்னு.

– முடிவாச்சா?

– ...துணைக்குழு போட்டிருக்கோம்.

– ரொம்ப நல்லது. நீங்க பழையபடி காகிதத்துல எழுதி, வட்ட முத்திரை குத்திக் குடுங்க. கூரியர்ல அனுப்பிக்கறேன்.

– காகிதத்தை ஒழிச்சாச்சும்மா. முத்திரை கீழே வரவேற்பறையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கு. விளக்கெல்லாம் போட்டு, ஜோரா...

– பெட்டியைத் திறங்க.

– திறக்கறதுக்கு மந்திரி வரணும்.

– அத்தான்... விளையாடாதீங்க. இருபத்திரெண்டு பொண்ணுங்க எங்கிட்ட வேலை பாக்கறாங்க. இந்த ஒரு சரக்கு போகலேன்னா மூடிட வேண்டியதுதான்.

– மெதுவாப் பேசு, கதவு திறந்திருக்கு.

– ஏன் செல்லாதுங்கறாங்க? அதை மட்டும் சொல்லுங்க.

– அது தொழில்நுட்பம். உனக்குப் புரியாது.

– பாட்டிலுக்குள்ள செடி முளைக்க வைக்கிறவ நான். சொல்லித்தான் பாருங்களேன்.

– ...கதவைச் சாத்து.

– சாத்தியாச்சு.

– அந்தப் போட்டோ எடுத்த விழா அன்னைக்கு நம்ம கையொப்பச் சாவியை அவங்ககிட்ட ஒப்படைக்கணும். சாவின்னா பூட்டுச் சாவி இல்ல, நீளமா ஒரு எண்ணு. அதை வச்சுத்தான் நம்ம கையொப்பம் நிஜமா பொய்யான்னு அவங்க பாப்பாங்க.

– சரி.

– நிஜச் சாவி பெட்டகத்துல இருக்கு. திறக்க மூணு பேர் ஒண்ணா வரணும். அதுல ஒருத்தர் மாமனார் வீட்டுக்குப் போயிட்டார்.

– அட கடவுளே.

– மந்திரி மேடையேறிட்டார். கேமராவெல்லாம் ரெடி. புதுசா வேலைக்குச் சேந்தவங்களுக்குக் கத்துக்குடுக்க ஒரு விளையாட்டுச் சாவி வச்சிருந்தோம். அவசரத்துக்கு நான் அதை...

– அதைத் தூக்கிக் குடுத்துட்டீங்க!

– பொத்தானை அமுக்கினதும் எப்படிக் கைதட்டினாங்க தெரியுமா!

– அவங்க கண்டுபிடிக்கலையா?

– அவங்களும் நமக்கு அந்த மாதிரி ஒண்ணைத்தான் குடுத்தாங்கன்னு நினைக்கிறேன். நாங்க கேக்கல. ஒரு மரியாதைதான்.

– அப்ப அந்த விளையாட்டுச் சாவியை வச்சே எனக்குக் கையொப்பம் போட்டுக் குடுங்களேன்.

– அதை அன்னைக்கே அழிச்சுட்டோம். சாட்சி இருக்கக்கூடாதுல்ல.

– ஏழு மாசமா இங்கேருந்து போன சான்றிதழ் அத்தனையும்...

– நிஜச் சாவியில போட்டது, அங்கே ஒண்ணுகூடச் செல்லாது. ஆனா அறிக்கையில நூத்துக்கு நூறு. அனுப்பினதை மட்டும்தான் எண்ணறோம்.

– ஒரு கடிதம் போதுமே, அத்தான்! 'அன்னைக்குக் குடுத்தது தப்பு, இதுதான் சரியானது.' ரெண்டு வரி!

– யாரு எழுதறது? போட்டோவுல பதினாலு பேர் நிக்கறோம்.

– நீங்க எழுதுங்க.

– அடுத்த மாசம் எனக்குப் பதவி உயர்வு. உங்கக்கா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கா.

– உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்...

– சேச்சே, எழுந்திரு. எழுதறேன்... திங்கக்கிழமை கண்டிப்பா எழுதறேன். அதுவரைக்கும் கன்னு வாடாம பாத்துக்கச் சொல்லு.

– யாருகிட்ட?

– அங்கே உன் ஏஜென்ட் இருக்கானே.

– அவர்தான் காலையில கூப்பிட்டார். முந்தாநாளே எல்லாத்தையும் எரிச்சுட்டாங்களாம். பொண்ணுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் இங்கே வந்தேன்.

– முதல்ல உக்காரும்மா, தண்ணி குடி.

– உங்க வாயால உண்மை வருதான்னு பாக்கத்தான் இவ்வளவு நேரம் கெஞ்சினேன்... பேச்சை மாத்தாதீங்க. அத்தான்... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?

– எரிக்கச் சம்மதமான்னு எனக்குத்தாம்மா கேட்டு வந்துச்சு. வேண்டாம்னா காரணம் எழுதணும். சரின்னு கையொப்பம் போட்டு அனுப்பிட்டேன்... எரிக்கறதுக்குன்னா அவங்க கையொப்பத்தைச் சரிபாக்கறதில்ல.