மாடம் தாங்குமா, தலைவரே?

அவைக்கு அணியாகவும் ஆராய்ச்சி நிதிக்குப் பூட்டாகவும் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! முடி நரைத்தும் முறுக்குக் குறையாத பேராசிரியப் பெருமக்களே! மேல்மாடத்தில் முன்வரிசை பிடித்துவிட்ட தாய்மார்களே! கட்டுமானச் சோதனைக் கூடத்தின் பொறுப்பாளராகிய என் வணக்கம்.

நிதி போகும் போக்கைச் சொல்லட்டுமா? முன்பு கான்கிரீட்டுக்குக் கொடுத்தார்கள். பிறகு கணினிக்குக் கொடுத்தார்கள். இப்போது விண்ணப்பத்தில் கணினி என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பார்த்துக் கொடுக்கிறார்கள்! சிரிக்காதீர்கள், தலைவர் பார்க்கிறார். எங்கள் கூடத்தை மூடிவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கச் சொல்லும் தாள், அவர் கையெழுத்துக்காக அந்த மேசையிலேயே காத்திருக்கிறது.

சென்ற ஆண்டு, இதே மாடம் தாங்குமா என்று எங்களைக் கேட்டார்கள். என் ஆராய்ச்சி மாணவி மாடத்தைக் கணினிக்குள் வரைந்து ஆட்டிப் பார்த்தாள். "ஆயிரம் பேர் குதிச்சாலும் அசையாது மேடம்" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. முழு மாடத்தையும் கட்டிப் பார்க்கப் பணம் ஏது? ஒரே ஒரு தூணை நிஜமாகக் கட்டினோம். மீதி மாடம் கணினிக்குள். எவ்வளவு தள்ளுவது என்று கணினி சொல்லும், இயந்திரம் தள்ளும், தூண் எதிர்த்து நின்ற விசையின் அளவு கணினிக்கே திரும்பப் போகும். இதுதான் கலப்புச் சோதனை. பாதி நிஜம், பாதி கணக்கு. நம் வீட்டுக் கல்யாணப் பேச்சு மாதிரி!

பாதியிலேயே படார்! தூணின் அடி பிளந்தது. மாணவி, தூணுக்குக் கம்பி கட்டிய அண்ணனிடம் ஓடினாள்.

"பிளான்ல இருக்கிறபடிதானே அண்ணே கட்டினீங்க?"

எங்கள் கம்பி அண்ணன் தலையைச் சொறிந்தார். "பிளானை யாரும்மா பார்த்தா? மாடத்துத் தூணையே கொத்திப் பார்த்தேன். பிளான்ல கம்பியைச் சுத்திப் பத்து இரும்பு வளையம், உள்ளே நாலுதான். இருக்கிறபடியே கட்டிட்டேன்."

கணினி பொய் சொன்னதா? இல்லை, பாவம், பிளானை நம்பியது! கொத்திப் பார்க்கும் கைக்கு எந்த விண்ணப்பத்தில் இடம் இருக்கிறது? எந்தக் குழு அதற்கு நிதி கொடுக்கிறது?

என்ன, மேலே யாரோ எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள் அம்மா! தூண்களுக்கெல்லாம் இரும்புச் சட்டை போட்டாகிவிட்டது. அதே சட்டையோடு இன்னொரு தூணைக் கூடத்தில் முழு மூச்சாகத் தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை.

தலைவர் அவர்களே, மாடத்தின் முதல் வரிசையில் உங்கள் துணைவியார் இருக்கிறார். என்னம்மா? சத்தமாகச் சொல்லுங்கள். "அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்கிறீர்களா? தலைவர் தாளை எடுக்கிறார்... மடிக்கிறார்... ஐயோ, பைக்குள் வைக்கிறாரே... இல்லை, கிழித்தே விட்டார்!

நன்றி தலைவரே! நன்றி அம்மா! கைதட்டுங்கள், பெருமக்களே. மேலே இருப்பவர்கள் தைரியமாகக் காலையும் தட்டலாம். வணக்கம்!