விழாத மாமாக்கள்

என் மாமாக்கள் இருவருக்கும் எப்போதும் ஒரே துணியில்தான் சட்டை எடுப்பேன், இன்ஸ்பெக்டர் ஐயா. இரட்டையர்கள். ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர்கள் அவர்கள். அந்த நன்றியை நான் மறந்தவனல்ல.

நான் படித்தது பொறியியலையும் மருத்துவத்தையும் வியாபாரத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொடுக்கும் முதுகலைப் படிப்பு. இஞ்சினியர்கள் என்னை டாக்டர் என்று கேலி செய்வார்கள். டாக்டர்கள் மெக்கானிக் என்பார்கள். இரண்டுங்கெட்டான் என்ற பெயர் போக வேண்டுமென்றால் இறுதித் திட்டத்தில் நான் ஜெயித்தே ஆக வேண்டும். வயதானவர்களுக்காக ஒரு இடுப்பு பெல்ட் செய்தேன். ஆள் சாயும்போதே பலூன் விரிந்து தாங்கிக்கொள்ளும். பெரிய மாமாவுக்கு பெல்ட். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சின்ன மாமாவுக்கு வெறும் இடுப்பு.

"நம்ம மாப்ள செஞ்சது," என்று பெரிய மாமா தெருவெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தார். ஆனால் இருவரும் விழவே இல்லை. மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

கடைசியில் பேராசிரியர்கள் மூவரும் என்னைக் கூப்பிட்டார்கள். பொறியியல்காரர், "பலூன் விரியுமான்னே தெரியலையேப்பா" என்றார். மருத்துவர், "போட்டவருக்கும் போடாதவருக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். வியாபாரம் சொல்லிக்கொடுப்பவர், "விழாத ஆளுங்ககிட்ட இதை எப்படிப்பா விக்கிறது?" என்று சிரித்தார். மூன்றும் நியாயமான கேள்விகள். நீங்களே சொல்லுங்கள், நான் வேறென்ன செய்திருக்க முடியும்?

கூடத்தில் சோப்புத் தண்ணீரை ஊற்றிவைத்தேன், இருவரும் நடக்கும் இரு பக்கத்திலும் சமமாக. அவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு புதுமணத் தம்பதி மாதிரி கடந்து போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது, மறைக்கவில்லை. ஆய்வுக்கு ஒத்துழைக்கிற லட்சணமா இது?

பிறகு ஒருநாள் மாடிப்படியில், பின்னாலிருந்து இருவரையும் கொஞ்சம் முன்னே அனுப்பிவைத்தேன். ஒரே நேரத்தில், ஒரே அழுத்தத்தில். பலூன் அழகாக விரிந்தது. ஆனால் பெரிய மாமா தம்பியை இழுத்து மேலே போட்டுக்கொண்டே உருண்டார். இருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"கால் இடறிடுச்சுடா மாப்ள. உன் பெல்ட்டு ரெண்டு பேரையும் காப்பாத்திடுச்சு. தம்பிக்கும் ஒண்ணு செஞ்சு குடுடா," என்று பெரிய மாமா அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் இருவருக்கும் பெல்ட் கொடுத்துவிட்டால் ஒப்பிட ஆள் ஏது?

ஆகவே அடுத்த வாரம் பெரிய மாமாவை முடிவெட்டிக்கொள்ள அனுப்பிவிட்டு, சின்ன மாமாவைத் தனியாக மாடிக்குக் கூப்பிட்டேன். "கையைக் குடு மாப்ள, மூச்சு வாங்குது" என்றார். உச்சிப்படிக்கு வரும்வரை கையைக் கொடுத்தேன். அப்புறம் தள்ளினேன். ஆமாம், நான்தான். பெரிய மாமாவை எவ்வளவு தள்ளினேனோ அவ்வளவுதான், இம்மியும் கூடவில்லை. கழுத்து முறிந்து அங்கேயே போய்விட்டார்.

வித்தியாசம் சந்தேகத்துக்கிடமில்லாமல் தெரிந்தது. பேராசிரியர்கள் மூவரும் கைதட்டினார்கள். வகுப்பில் நான்தான் முதல்.

ஒரே ஒரு வருத்தம். பெரிய மாமா பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த உச்சிப்படியிலேயே உட்கார்ந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால், அதில் என்ன குறை என்று கேட்டுச் சொல்லுங்கள். இடுப்பில் உறுத்துகிறதென்றால் தளர்த்திக் கொடுத்துவிடலாம்.