பவளமும் மைசூர்பாக்கும்

— அந்த மைசூர்பாக் பாக்ஸ மூடுண்ணா.

— ஏன் அனிட்டா? பவளத்துக்கு ரிசல்ட் வந்துருச்சுன்னியே! ஷிஃப்ட்டுல எல்லாருக்கும் குடுக்கலாம்னு வாங்கியாந்தேன். இந்த மூக்கண்டப்பள்ளியில கடல்ல கெடந்த கல்லை மில்லிங் மிஷின்ல ஏத்துனவன் உன் அண்ணன் கிங்ஸ்டன் ஒருத்தன்தான்!

— ரிசல்ட்டு வந்துச்சு. நீ பவளத்துல சொரண்டிக் குடுத்த இருபது தூளும் ஒரே எண்ணு. இந்த கிராஃபப் பாரு, கோடு தரையாட்டம் போகுது.

— நல்லதுதானே கண்ணு! இங்க இருபது பீஸும் ஒரே அளவா வந்தா இன்ஸ்பெக்டரு கண்ண மூடிட்டு பாஸ் போடுவாரு.

— இது உங்க பிஸ்டன் இல்லண்ணா, கடலு. ஏறி எறங்கணும். பவளம் மேல்தண்ணியில இருக்கிற கார்பனை எடுத்துத்தான் அடுக்கடுக்கா வளருது. மழைக்காலத்துக் காத்துல அடியில கெடக்குற பழைய தண்ணி மேல வரும், வயசாக வயசாகக் கொறையுற ரேடியோகார்பன் அதுல கம்மி. காத்து ஓஞ்சா மறுபடி கூடும்.

— ராயக்கோட்டை மண்டியில கூடையக் குலுக்குனா அடியில இருக்கிற பழைய தக்காளி மேல வருமே, அப்படியா?

— அப்படியேதான். அது எதுவுமே இதுல தெரியல. என் ஆராய்ச்சிக்கு கைடா இருக்கிற மேடம் வேற, "ஒரே காலத்துத் தூளைத் திரும்பத் திரும்ப எடுத்தாலும் ஒரே எண்ணு வருமா? அதைக் காட்டாம கட்டுரை அனுப்ப மாட்டேன்"னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அதுக்கே வழியக் காணோம், இப்ப இது வேற.

— நான் கூலன்ட் எண்ணெய்கூட விடலையே. நீ சொன்னாப்புல காய வெச்சுத்தான் ஓட்டுனேன்.

— தெரியும். எண்ணெய் கோடி வருஷப் பழசு, பட்டிருந்தா பவளம் பல்லுப்போன கிழவின்னு காட்டியிருக்கும். நான் போட்ட பென்சில் கோட்டு மேலதானே போனே?

— பென்சில் கோடா?

— அண்ணா...

— எந்த ஜாபா இருந்தாலும் துணியால நல்லாத் தொடைச்சுட்டுத்தானே மிஷின்ல மாட்டுவோம்! ஏதோ அழுக்குன்னு...

— தொடைச்சுட்டு? எந்தப் பக்கமா ஓட்டுனே?

— நீளவாக்குல. எப்பவும் நீளப் பக்கத்தைத்தான் டேபிளுக்கு நேரா வெப்போம்.

— போச்சு போ! அடுக்குக்குக் குறுக்கால போறதுக்குத்தான் அந்தக் கோடு. நீளவாக்குல போனா கடைசி வரைக்கும் ஒரே அடுக்குதான்!

— அப்ப நான் இருபது தடவையும்...

— ஒரே மழைக்காலத்தையே சொரண்டியிருக்கே.

— ஏசப்பா! உன் படிப்பையே கெடுத்துட்டனா? பவளத்தோட கீழ்ப்பாதி சொரண்டாம அப்படியே பீரோவுல இருக்கு கண்ணு, இப்பவே குறுக்கால போட்டுத் தரேன். ஏய், அழுவுறியா?

— சிரிக்கிறேண்ணா.

— எனக்குப் பயமா இருக்கு. சொல்லிட்டுச் சிரி!

— ஒரே காலம், இருபது தூளு, இருபதும் ஒரே எண்ணு. மேடம் கேட்ட சோதனைய நீ தெரியாமலே செஞ்சு முடிச்சிருக்கே. இன்ஸ்பெக்டரு பாஸ் போட்டாச்சு, மைசூர்பாக்கைத் திற!